வீட்டுக் கடனும் நமது கையெழுத்தும்

(நமது பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியடில் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இந்த நேரத்துக்கு நம்ம கல்லூரியில் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் வகுப்பு போடுவார்கள். பின் பெஞ்சில் யார் யார் தூங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் அங்கேதான் இருந்தேன். ஆகவே யாராவது கண்ணயர்ந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நம்ம கேன்டீனில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு போர்டு தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? 'கடன் அன்பை முறிக்கும்' என்று. அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் நாம் எல்லோரும் அக்கவுன்ட் வைத்து டீ குடித்தோம். மாதக் கடைசியில் கேன்டீன் அண்ணன் நோட்டைத் திருப்பிக் காட்டுவார். என்ன தேதி, எத்தனை டீ, எத்தனை பஜ்ஜி, எல்லாம் அதில் இருக்கும். படித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்போம். ஒரு பஜ்ஜி கூட எழுதியிருந்தால் சண்டை போடுவோம். பஜ்ஜிக் கணக்கை அவ்வளவு கவனமாகப் படித்த நான், என் அப்பாவின் வீட்டுப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

எங்களுக்குச் சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. நாலு சென்ட் இடத்தில் ஒரு ஓட்டு வீடு. தாத்தா கட்டியது. 2006-இல் நான் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறேன். அக்கா கல்யாணம் முடிந்து கைக்கடன் நிற்கிறது. எல்லாம் சேர்த்து 2 லட்சம் ரூபாய் தேவை. டவுனில் ஒரு பைனான்ஸ்காரரிடம் அப்பா போனார். 'மூணு வட்டி' என்றார்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். வருஷத்துக்கு 36 சதவீதம். மாதம் 6,000 ரூபாய். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் 1,94,000 கொடுத்தார்கள்.

அதற்கு அவர்கள் கேட்டது அடமானப் பத்திரம் அல்ல. கிரயப் பத்திரம். "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் அண்ணாச்சி. பணத்தைக் கட்டுனா மறுநாளே உங்க பேருக்கு எழுதித் தந்துருவோம்" என்றார்கள். அந்த வாக்குறுதியைத் தனியாக ஒரு 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் தவணை.

ரெஜிஸ்தர் ஆபீஸில் சாட்சிக்கு ஆள் வேண்டும். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். "தம்பி இன்ஜினீயருக்குப் படிக்கான். அவனே போடட்டும்" என்று அப்பா கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். நானும் அழகாக இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டேன். பத்திரத்தின் முதல் பக்கத்தைக்கூட நான் படிக்கவில்லை.

முதலில் பிடித்ததையும் சேர்த்து 30 மாத வட்டி, அதாவது 1,80,000 ரூபாய், அப்பா கட்டினார். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. 2008 கடைசியில் வட்டி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். தவணை முடிந்துவிட்டதாம். 2009 ஜனவரியில், எனக்குக் கடைசி செமஸ்டர் நடக்கும்போது, வீடு வேறொருவருக்குக் கிரயம் ஆகிவிட்டது. வக்கீலிடம் ஓடினோம். அவர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் ஒரே பத்திரத்துல இருந்திருந்தா நிலைமையே வேற தம்பி" என்றார்.

அதென்ன வேறு என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 60-ஆவது பிரிவு அடமானம் வைத்தவருக்கு மீட்கும் உரிமையைக் கொடுக்கிறது. தவணை தாண்டிவிட்டது என்பதற்காக அந்த உரிமை போய்விடாது. மீட்க வழக்குப் போடக் காலவரம்பு 30 வருஷம். கடன் கொடுத்தவர் எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும், அடமானம் என்றால் கடைசிவரை அடமானம்தான்.

ஆனால் அதே சட்டத்தில் 58-ஆவது பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கிரயம் மாதிரி எழுதி, 'பணம் திருப்பித் தந்தால் சொத்து திரும்பும்' என்று சொன்னால் அதுவும் அடமானம்தான். ஆனால் அந்த வாசகம் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தனிக் காகிதத்தில் எழுதினால் அது அடமானம் ஆகாது. 1929-இல் சேர்த்த விதி இது. அந்தப் பைனான்ஸ்காரருக்கு அது தெரிந்திருந்தது. அப்பாவுக்குத் தெரியாது. உண்மையில் நடந்தது வெறும் கடன்தான் என்று கோர்ட்டில் சாட்சியம் வைத்துப் போராட வழி இருக்கிறது. ஆனால் நிரூபிக்கிற பாரம் நம் தலையில். அதற்கு ஆகும் வருஷங்களும் செலவும் அப்பாவிடம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2001-இல் வந்த கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கியில் கடன் வாங்கலாம் என்று இருந்தது. என் படிப்புக்கு எங்கள் வீட்டை எழுதிக் கொடுக்கவே வேண்டியதில்லை. அதைச் சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை. படித்துக்கொண்டிருந்த நானும் விசாரிக்கவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. வாடகை வீட்டுக்குச் சாமான் ஏற்றுகிற அன்று ஒரே ஒரு தடவை சொன்னார்: "நீ ஒரு தடவ படிச்சுப் பாத்திருக்கலாம்லப்பா." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

நண்பர்களே, இது ஏதோ பழைய கதை, இப்போது எல்லோரும் பேங்க்கில்தானே கடன் வாங்குகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். கந்துவட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-லேயே தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே, குழந்தைகளோடு, தீக்குளித்து இறந்தது. அந்தச் செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது இருக்கிறது என்று கடன் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

சரி, பேங்க் கடனுக்கு வருவோம். இங்கே அரிவாளோடு யாரும் வரமாட்டார்கள். இங்கே எல்லாம் கணக்குத்தான். கணக்கு நம்ம சப்ஜெக்ட்.

ஒருவர் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்குகிறார். வட்டி 6.75 சதவீதம், 20 வருஷம். மாதத் தவணை சுமார் 22,811 ரூபாய். ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டுகிறார். பாக்கி சுமார் 29,26,500. இப்போது வட்டி ஏறுகிறது. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. ரெப்போவோடு இணைத்த கடன் என்றால் நம்மவர் வட்டி 9.25 சதவீதம் ஆகிவிடும். கணக்குக்காக ஒரே நாளில் ஏறியதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி மட்டும் சுமார் 22,559 ரூபாய். தவணை 22,811. அசலுக்குப் போவது வெறும் 252 ரூபாய்! தவணையை மாற்றாமல் இப்படியே விட்டால் மீதி 19 வருஷத்தில் முடிய வேண்டிய கடன் முடிய சுமார் 49 வருஷம் ஆகும். பேரன் வந்து கட்ட வேண்டியதுதான்.

அதே 19 வருஷத்தில் முடிக்க வேண்டும் என்றால் தவணை சுமார் 27,300 ஆக வேண்டும். மாதம் 4,500 ரூபாய் கூடுதல். கஷ்டம்தான். ஆனால் அதைச் சொல்லிக் கேட்டால் மனுஷன் யோசித்து முடிவெடுப்பான். பல இடங்களில் சொல்லவே இல்லை. தவணை அப்படியே இருக்க, வருஷம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டது. "மாசம் அதே தொகைதானே பிடிக்கறாங்க" என்று நாமும் பேசாமல் இருந்தோம்.

இதற்காகத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணை எவ்வளவு ஏறும், வருஷம் எவ்வளவு நீளும் என்று கடன்காரருக்குச் சொல்ல வேண்டும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்ந்தெடுக்க விட வேண்டும். கட்டுகிற தவணை அந்த மாத வட்டிக்குக்கூடப் போதாமல் அசல் வளர்கிற நிலை வரக்கூடாது என்றும் சொன்னது. 2025-இல் ரெப்போ குறைந்தது. உங்களில் எத்தனை பேர் உங்கள் கடன் வட்டி குறைந்ததா என்று பார்த்தீர்கள்? கை தூக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு. "சார், எங்ககிட்ட பத்து பர்சென்ட்தான், பிளாட்" என்பார்கள். ஒரு லட்சம், ஐந்து வருஷம், வருஷத்துக்குப் பத்தாயிரம் வட்டி. மொத்தம் ஒன்றரை லட்சம், மாதம் 2,500 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அசல் மாதாமாதம் குறைகிறதே, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போடுகிறார்களே? குறையும் பாக்கியின் மேல் கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 17.27 சதவீதம். இந்த வித்தையைத் தடுக்கத்தான் 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. வட்டி, பிராசஸிங் கட்டணம், கடனோடு சேர்த்துத் தலையில் கட்டும் இன்சூரன்ஸ், எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். கடன் வாங்க உயிர்க்காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை அடுத்தவர் குற்றத்தைச் சொன்னேன். இப்போது என் குற்றம்.

நான் சிவில் இன்ஜினீயர். சிறிய அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். 2019-இல் மினி வேன் ஓட்டும் ஒரு அண்ணாச்சி வந்தார். வீட்டுக்கு உண்மையான செலவு 18 லட்சம். "கைல பைசா இல்ல சார். எஸ்டிமேட்டைக் கொஞ்சம் கூடப் போட்டுக் குடுங்க, லோன் முழுசா வந்துரும்" என்றார். இதை நம் தொழிலில் யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. நானும் 22 லட்சம் என்று எழுதி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டேன். ஒரு வீட்டுக் கடன் நிறுவனம் 19 லட்சம் கொடுத்தது.

30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நாம் அதை ஒரு தொந்தரவாகத்தான் நினைக்கிறோம். அது கடன் கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் காவல். 18 லட்சத்துக்கு 90 சதவீதம் 16 லட்சத்து 20 ஆயிரம். அதற்கும் 19 லட்சத்துக்கும் இடையில், 11 சதவீத வட்டியில் 15 வருஷத்துக்கு, மாதத் தவணையில் சுமார் 3,180 ரூபாய் வித்தியாசம். அந்த 3,180 ரூபாயை அந்த வேன் டிரைவர் தலையில் ஏற்றியது என் பேனா. கடன் நிறுவனமும் கேள்வி கேட்கவில்லை. அவருக்குக் கட்ட முடியுமா என்று மூன்று பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் சீனியர்கள் 2008-ஐ மறந்திருக்க மாட்டார்கள். வருமானத்தை விசாரிக்காமல், வாய்ச்சொல்லை எழுதிக்கொண்டு வீட்டுக் கடன் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருஷம் குறைந்த வட்டி, பிறகு ஏறும் வட்டி. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்த பிறகு, 2010-இல் அவர்கள் கொண்டுவந்த சட்டத்தில் ஒரு முக்கிய அம்சம்: கடன் கொடுக்கும் முன் திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்ப்பது கொடுப்பவரின் கடமை. நான் செய்ததும் அதே பொய்தான். அங்கே வருமானத்தில் சொன்னார்கள், நான் எஸ்டிமேட்டில் சொன்னேன்.

கொரோனா வந்தது. வேன் நின்றது. 2020-இல் ஆறு மாதம் தவணை கட்ட அவகாசம் கொடுத்தார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு வட்டி ஏறியது. 2023-இல் ஒருநாள் அண்ணாச்சி என் ஆபீஸுக்கு வந்து ஒரு கவரை நீட்டினார். "இங்கிலீஷ்ல இருக்கு சார், என்னன்னு பாருங்க." சர்பாசி சட்ட நோட்டீஸ். 60 நாளில் கட்டாவிட்டால் வீடு எடுத்துக்கொள்ளப்படும் என்று. அவர் கொண்டு வந்தது 43-ஆவது நாள். பயந்துபோய் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம்.

இந்த முறை நான் படித்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 2002-ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தில் கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்றும் அதிகாரம் கடன் கொடுத்தவருக்கு இருக்கிறது. ஆனால் நமக்கும் சில படிகள் இருக்கின்றன. நோட்டீஸுக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். கைப்பற்றும் நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரை மூன்று ஊரிலும் இருக்கிறது. விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் பாயாது. வக்கீலை வைத்து ஆட்சேபம் எழுதினோம். அபராதக் கணக்கில் தவறு இருந்தது, கொஞ்சம் குறைத்தார்கள். மீதி பாக்கிக்கு அண்ணாச்சி சம்சாரத்தின் செயின் போனது. வீடு தப்பியது. அந்த அம்மா இப்போதும் என்னைப் பார்த்தால் "வாங்க தம்பி" என்று காப்பி கொடுக்கிறார்கள். மஞ்சள் கயிறு மட்டும் கிடக்கிற அந்தக் கழுத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

முடிக்கும் முன் சில விஷயங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மலர் கைக்கு வந்ததும் இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு உதவும்.

ஒன்று: கடனுக்குக் கிரயப் பத்திரமோ பவரோ எழுதிக் கொடுக்காதீர்கள். கடன் என்றால் அடமானப் பத்திரம். 'சும்மா பாதுகாப்புக்கு' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு: முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு எண்ணை இரண்டு மூன்று இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று: மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வங்கிகளுக்கு 2012-லேயே உத்தரவு வந்துவிட்டது.

நான்கு: கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது விதி. பத்திரத்தோடு ரசீது போட்டு வில்லங்கத்திலிருந்து பதிவையும் நீக்கச் சொல்லுங்கள்.

ஐந்து: குறை இருந்தால் முதலில் கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

ஆறு, இது நமக்கு: எஸ்டிமேட்டில் உள்ளதை மட்டும் எழுதுவோம். 2023-க்குப் பிறகு நான் ஒரு எஸ்டிமேட்டையும் ஏற்றிக் கொடுத்ததில்லை. அதனால் நாலைந்து வேலை வேறு ஆளிடம் போனது. போகட்டும். "சார், கட்டுமானத்தைக் கொஞ்சம் சின்னதா ஆக்குவோமா?" என்று கேட்டால் பாதிப்பேர் ஒத்துக்கொள்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு முன் அதே ஊரில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். தாத்தா வீடு அல்ல, அதற்கு இரண்டு தெரு தள்ளி. ரெஜிஸ்தர் அன்று பத்திரத்தை அப்பா முன்னால் உட்கார்ந்து முழுதும் சத்தமாகப் படித்தேன். எல்லைகள், அளவு, தாய்ப் பத்திர எண், எல்லாம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "சரியா இருக்கு, போடு" என்றார்.

நம்மில் பலருக்கு ஊரில் 'படிச்ச புள்ள' என்று பெயர். யாராவது ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினால், தயவுசெய்து நேரமில்லை என்று சொல்லாதீர்கள். வாங்கிப் படித்துச் சொல்லுங்கள்.